வாசிப்பு வகுப்பின் பயனை எப்படி அளப்பது?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தரம் 3 பிள்ளைகளுக்கு மாலை வாசிப்பு வகுப்பு தொடங்குகிறோம், பயனை எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வகுப்புக்கு முன்பே அளந்துவிடுங்கள்; தொடக்க நிலை தெரியாவிட்டால் பின்னர் எந்த முன்னேற்றத்தையும் காட்ட முடியாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, முன்பு காணாத பந்தி ஒன்றை 1 நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணுங்கள். தவணை முடிவில் அதே அளவு கடினமான வேறு பந்தி. எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைக்கு எடுத்துக்கொடுக்காமல் இருப்பது கடினம்தான். அந்த 1 நிமிடம் பொறுத்திருங்கள்.

வரவு இடாப்பு கண்காணிப்புக்கு உதவும். பிள்ளை கற்றதா என்று சொல்லாது. அதில் வராத காரணத்தையும் குறியுங்கள். நவம்பர், டிசம்பர் மழையில் வீதி மூழ்கி வரவு குறைந்தால் அந்தப் பழி வகுப்பின் மீது விழக்கூடாது. முடிந்தால் வகுப்பு நடக்காத அயல் பாடசாலைப் பிள்ளைகளையும் இதேபோல் அளந்து ஒப்பிடுங்கள்.