மாட்டுக்குத் தீவனம் வைப்பதைப் போல – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓர் ஆய்வகத்தில் செல் வளர்ப்பும் புரத உற்பத்தியும் என் வேலை. எச்.இ.கே. 293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்களுக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்தி, ஐந்தாறு நாள் கழித்து அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் செல்களின் ஊட்டக் கரைசலான மீடியத்தை மாற்றப் போகவேண்டும். கட்டுரைகளில் என் பெயர் நன்றியுரையோடு நின்றுவிடுகிறது. "எம்.எஸ்சி. படித்தது மாட்டுக்குத் தீவனம் வைக்கவா?" என்கிறார் அப்பா. நீங்களும் ஆய்வகத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன், இது அறிவியல்தானா?

ம.

அன்புள்ள ம.,

அப்பாவின் உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. மாடு வைத்திருப்பவர் தொழுவத்துக்குள் நுழைந்ததுமே அது அசைபோடுகிறதா என்றுதான் பார்ப்பார். நீங்கள் குடுவையின் நிறத்தைப் பார்க்கிறீர்கள். அமிலத்தன்மைக்கேற்ப நிறம் மாறும் ஃபீனால் ரெட் சாயம் கலந்த மீடியம் மஞ்சளாகியிருந்தால் செல்கள் நெருக்கியடித்துப் பசியில் கிடக்கின்றன. எல்லாக் குடுவைகளிலும் ஊதா ஏறியிருந்தால் மீடியத்தின் அமிலத்தன்மையைக் காக்கும் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்துவிட்டதா என்று சிலிண்டரைப் போய்ப் பார்க்கவேண்டும்.

நான் இருந்த ஆய்வகத்தில் ஒருமுறை புரத விளைச்சல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. செல்லுக்குள் செலுத்தும் டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிடைக் குறை சொன்னோம், அதைச் செலுத்தப் புதிதாக வாங்கிய வேதிப்பொருளைக் குறை சொன்னோம். செல்களைத் தினமும் கையாண்ட உதவியாளர் மட்டும் "செல்கள் சோம்பிக் கிடக்கின்றன" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆய்வேடு எழுதும் அவசரத்தில் இருந்த நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. கடைசியில் பார்த்தால் செல்களில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா தொற்றியிருந்தது. அதற்குச் செல்சுவர் கிடையாது, ஆகவே பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. மீடியமும் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது. அத்தனை குடுவைகளையும் பிளீச்சில் கொட்டினோம். அவர் கண்டதை நாங்கள் சோதனை செய்து உறுதிப்படுத்தினோம், அவ்வளவுதான். அறிவியலை அங்கே யார் செய்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் தினமும் உச்சரிக்கும் அந்த 293கூட ஒரு குறிப்பேட்டின் வரிசை எண்தான். 1973இல் நெதர்லாந்தின் லைடனில் பிராங்க் கிரகாம் மனிதக் கருவின் சிறுநீரகச் செல்களில் அடினோவைரஸின் டி.என்.ஏ.வைச் செலுத்திப் பார்த்தார். அது அவருடைய 293ஆவது சோதனை. முந்தைய 292 எண்களை இன்று எவரும் உச்சரிப்பதில்லை.

பெயர் விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை. சொன்னதை மட்டும் செய்து கொடுத்திருந்தால் நன்றியுரை போதும். வராத புரதத்தை, வெப்பநிலையை இறக்கியோ புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பச் சொல்லும் சுரப்புத் தொடரை மாற்றியோ நீங்கள் வரவழைத்திருந்தால் அது ஆசிரியர் பட்டியலில் இடம்பெறவேண்டிய பங்களிப்பு. கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே கேளுங்கள், அச்சான பிறகு முணுமுணுப்பதில் பயனில்லை. கேட்கும்போது கையில் குறிப்பேடு இருக்கட்டும்: எத்தனையாவது தலைமுறைச் செல், எத்தனை சதவீதம் உயிரோடு இருந்தன, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கிடைத்தது, எதை மாற்றினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் எளிய வழி உண்டு. இந்தச் செல்கள் ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. புரதத்துக்கான குடுவைகளைத் திங்களன்று தொடங்கி, ஐந்தாம் நாளான சனிக்கிழமை புரதத்தை எடுத்துவிடுங்கள். மற்றவற்றை வெள்ளிக்கிழமை மாலை பத்தில் ஒரு பங்காகப் பிரித்து வையுங்கள், திங்கள் காலை வரை தாங்கும். அப்பாவோடு ஒரு நாள் வீட்டில் இருக்கலாம்.