சுட்ட தோட்டாக் கூடு: எப்போது போதும் என்று நிறுத்துவது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை, வேலை டெக்சாஸில். இங்கே கிளப்பில் .308 ரைஃபிள் சுடுகிறேன். சுட்ட பித்தளைக் கூடுகளில் நானே மறுபடி வெடிமருந்து நிரப்புகிறேன். ஒரு கூட்டை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

பதில்: எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெட்டியில் வந்த கூடுகளிலேயே ஒன்று சீக்கிரம் போகும், இன்னொன்று நீடிக்கும். மருந்தின் அளவு, ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையின் தளர்வு, டையில் (விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு) கூட்டின் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, எவ்வளவு பின்னால் தள்ளுகிறீர்கள், எல்லாமே இதில் சேரும்.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். வெள்ளிக் கம்பியை இழுக்க இழுக்க விறைத்துக்கொள்ளும். சுட்டு ஆறவைக்காமல் இன்னும் இழுத்தால் படக்கென்று அறும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த உங்கள் பித்தளைக்கும் அதே குணம்தான். சுடும்போது விரிகிறது, டையில் சுருங்குகிறது, விறைக்கிறது. கடைசியில் கழுத்தில் மயிரிழை விரிசல் விடும். அது கண்ணில் படும், எடுத்துப் போட்டுவிடலாம்.

எனக்குக் கவலை அடிப்பக்கத்தைப் பற்றித்தான். ஒவ்வொரு முறையும் கூடு நீள்கிறதே, அந்தப் பித்தளை எங்கிருந்து வருகிறது? அடிக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்து. .308க்கு 51.18 மில்லிமீட்டர்தான் உச்ச நீளம். அதைத் தாண்டி அடிக்கடி நறுக்க வேண்டியிருந்தால் உள்ளே சுவர் மெலிகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த இடம் அறுந்தால் சூடான வாயு பின்பக்கமாக, உங்கள் முகத்துக்கு நேரே பாயக்கூடும்.

சோதனை எளிது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் சிறிதாக மடக்குங்கள். உள்ளே அடிவரை விட்டு, சுவரை ஒட்டி மெல்ல மேலே இழுங்கள். வழவழவென்று வந்தால் சரி. ஒரு பள்ளத்தில் நுனி சிக்கினால் அந்தக் கூடு முடிந்தது. சந்தேகமா, ஒன்றை ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பாருங்கள், பள்ளம் கண்ணுக்கே தெரியும். வெளியே அதே உயரத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தாலும் எச்சரிக்கைதான். ஒன்றில் கண்டால் அந்தத் தொகுதி முழுவதையும் சோதியுங்கள்.

அப்புறம் ப்ரைமர் குழி, அதாவது ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான ப்ரைமர் உட்காரும், கூட்டின் அடியில் உள்ள குழி. புது ப்ரைமர் இறுக்கமே இல்லாமல் விரலால் அழுத்தியதும் உள்ளே போனால் குழி தளர்ந்துவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது.

விறைப்பைச் சூடாக்கித் தணிக்கலாம். கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும். அடிப்பக்கம் சூடேறி இளகிய கூட்டை மறுபடி பயன்படுத்தவே கூடாது. அமோனியா கலந்த பாலிஷும் வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்தில் நம் நாட்டில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டன. காரணம் அமோனியா என்பது 1921ல்தான் தெளிவானது.

கழித்த கூட்டின் வாயைக் குறடால் நசுக்கிவிடுங்கள், மறதியில் திரும்பக் கலந்துவிடாது. இன்னொன்று, இங்கே இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். லீவில் வரும்போது வெற்றுக் கூடு ஒன்றுகூட பையில் இல்லையா என்று பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.