ஓவியம், வீடியோ, நிகழ்த்துகலை மூன்றும் செய்கிறேன். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால்தான் முன்னேற முடியுமா?

தேவையில்லை. "எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்" என்று யாரோ உங்களை விடாமல் நச்சரிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மூன்று ஊடகத்தில் வேலை செய்வதால் யாரும் கெட்டுப்போனதில்லை. நிகழ்த்தியதை ஒழுங்காகப் பதிவு செய்யாமல் கெட்டுப்போனவர்கள்தான் ஏராளம். ஓவியம் சுவரில் இருக்கும். உடலையே ஊடகமாக்கிப் பார்வையாளர் முன் செய்யும் நாற்பது நிமிட நிகழ்த்தல் முடிந்த மறுகணம் கையில் ஒன்றும் இருக்காது.

நிகழ்த்துகலைஞர் தெச்சிங் ஷே ஒரு படைப்பாகவே 1980 ஏப்ரல் முதல் ஓராண்டு, நியூயார்க்கில் மணிக்கொரு முறை வருகைப்பதிவு இயந்திரத்தில் அட்டை குத்தினார். ஒவ்வொரு முறையும் 16 மி.மீ. ஃபிலிமில் தன்னை ஒரே ஒரு ஃபிரேம் எடுத்தார். தவறவிட்டவை 133: தூங்கிப்போனது 94, தாமதம் 29, முந்திக் குத்தியது 10. இவ்வளவு துல்லியமாக இன்று நாம் பேச முடிவது அவர் அட்டைகளைப் பத்திரப்படுத்தியதால்தான்.

இரண்டு கேமரா வையுங்கள். ஒன்று டிரைபாடில், முழு இடமும் தெரியும்படி, தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டில்லாமல். இன்னொன்று கையில், நெருக்கக் காட்சிகளுக்கு. பல ஸ்டில் கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் தானாகவே நின்றுவிடும்; உங்களுடையது எப்படி என்று முந்தின நாளே ஓடவிட்டுப் பாருங்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் ஆட்டோவில் விடாதீர்கள். விளக்கு மாறும்போதெல்லாம் தோலின் நிறமும் மாறும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டர் வேகம் 1/50 நொடி, 60 என்றால் 1/60. இல்லாவிட்டால் எல்இடி வெளிச்சம் படத்தில் துடிக்கலாம். ஒலிக்குத் தனி ரெக்கார்டர் வைத்து, தொடங்கும் முன் ஒரு கைதட்டல் பதிவாகட்டும். பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்த அது போதும். கோப்புகள் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

படங்களைப் பயன்படுத்த, எடுப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பல நாடுகளில் புகைப்பட உரிமை எடுத்தவருக்கே. உடல் உங்களுடையது என்பதால் படமும் உங்களுடையதாகிவிடாது.

டீனோ சேகல் என்ற கலைஞர் தன் நிகழ்த்தல்களைப் படமே எடுக்க விடுவதில்லை, விற்பனையைக்கூட வாய்மொழியாகத்தான் முடிக்கிறார் என்று யாராவது சொல்வார்கள். உண்மை. அது அவர் யோசித்து வகுத்த விதி. கேமராவுக்கு ஆள் ஏற்பாடு செய்ய மறந்தவர்கள் அதைக் காரணம் காட்டக் கூடாது.

போர்ட்ஃபோலியோவில் (உங்கள் படைப்புகளின் தொகுப்பில்) ஓவியம் ஒரு பக்கம், நிகழ்த்தல் ஒரு பக்கம் என்று ஊடகவாரியாகப் பிரிக்காதீர்கள். மூன்று ஆட்களுடைய வேலைபோலத் தெரியும். ஒரே கேள்வியிலிருந்து பிறந்த ஓவியத்தையும் நிகழ்த்தலையும் வீடியோவையும் அடுத்தடுத்து வையுங்கள். பதினைந்து, இருபது படம் போதும். வீடியோவுக்கு இரண்டு மூன்று நிமிடத் துண்டு, கீழே முழுப் பதிவின் இணைப்பு. ஒவ்வொன்றிலும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், கால அளவு, இடம், படமெடுத்தவர் பெயர்.

விற்க எதுவும் இல்லை என்று நினைக்க வேண்டாம். புகைப்படம், எண்ணிட்ட வீடியோ பதிப்பு (வழக்கமாக மூன்று அல்லது ஐந்து பிரதி, கூடவே கலைஞர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பிரதி ஒன்றிரண்டு), மீண்டும் நிகழ்த்தும் உரிமை எல்லாமே விலைபோகும். பதிப்பு எண்ணிக்கையை முதல் பிரதி விற்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு கூட்டினால் வாங்கியவரை ஏமாற்றியதாகும். விற்ற விலையில் கேலரி பாதி எடுப்பது பரவலான வழக்கம். அச்சு, சட்டகச் செலவைக் கழித்த பிறகு பாதியா, கழிக்கும் முன்பா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் சொல்கிறேன்: சட்டகம் போடுபவருக்கும் விளக்கு மாட்டுபவருக்கும் கூலி கொடுக்கும் அமைப்பாளர்கள், மூன்று மணி நேரம் தரையில் கிடக்கும் கலைஞரிடம் மட்டும் "உங்களுக்கு நல்ல வாய்ப்பு" என்கிறார்கள். இது அநியாயம். அழைப்பு வந்ததும் ஒரு பக்கத் தேவைப் பட்டியல் அனுப்புங்கள்: தரையின் அளவு, தரை எதனால் ஆனது, மின் இணைப்புகள், ஒத்திகை நேரம், பார்வையாளர் எண்ணிக்கை, முதலுதவி, முடிந்தபின் மண்ணையோ தண்ணீரையோ அள்ளுவது யார். அதன் முதல் வரியாக உங்கள் கட்டணம் இருக்கட்டும்.