கடைசியாக வருபவரோடு யார் வருவார்கள்?

கேள்வி: எனக்கு வயது 44. வேளச்சேரியில் வசிக்கிறேன். ஏழு கியர் உள்ள ஹைபிரிட் சைக்கிள் ஒன்றை வாங்கிச் சில மாதங்களாக எங்கள் பகுதித் தெருக்களில் ஓட்டி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லும் ஒரு குழுவோடு சேர ஆசை. அவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பாதி வழியில் தனியாக நின்றுவிடுவேனோ, என்னால் மற்றவர்களுக்குத் தாமதம் ஆகுமோ என்று தயங்குகிறேன். மெல்லிய டயர் கொண்ட, குனிந்து வேகமாக ஓட்டும் ரோடு பைக் என்ற சைக்கிளை வாங்கிய பிறகுதான் சேர வேண்டுமா?

பதில்: ரோடு பைக் தேவையில்லை. சாலையோர மணலும் வேகத்தடைகளும் மிகுந்த நம் சாலைகளில், அகலமான டயரும் நிமிர்ந்து அமரும் வசதியும் கொண்ட ஹைபிரிட் சைக்கிளே புதியவருக்குப் பொருத்தமானது. சேருவதற்கு முன் நீங்கள் விசாரிக்க வேண்டியது, கடைசியாக வருபவரை அந்தக் குழு எப்படி நடத்துகிறது என்பதைத்தான். நன்றாக நடத்தப்படும் தொடக்கநிலை ரைடில் முன்னே வழிகாட்டிச் செல்பவர் ஒருவர் இருப்பார். எல்லோருக்கும் பின்னால் வருவதையே தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட இன்னொருவரும் இருப்பார். இவரை ‘ஸ்வீப்’ என்பார்கள். யாருக்கு பஞ்சர் ஆனாலும், மூச்சு வாங்கினாலும், இவர் அவரோடு நின்று, அவரோடுதான் கிளம்புவார். இன்றைய ரைடில் ஸ்வீப் யார் என்று நீங்கள் கேட்கும்போது ஒருவர் பெயரைத் தயங்காமல் சொல்லும் குழுவில் சேரலாம். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று பதில் வந்தால், எவ்வளவு நல்ல மனிதர்களாக இருந்தாலும், முதல் பயணத்துக்கு அந்தக் குழு வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்து வேகம். அறிவிப்பில் காணும் எண்ணைப் புதியவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘சராசரி 20 கி.மீ.’ என்றால் சாலையில் 20-ல் ஓட்டுகிறார்கள் என்று பொருளில்லை. சிக்னலிலும் திருப்பங்களிலும் குறையும் வேகத்தை ஈடுசெய்ய, சாலை திறந்து கிடக்கும் இடங்களில் 23 முதல் 25 வரை போனால்தான் அந்தச் சராசரி வரும். மேலும், செல்போன் செயலிகள் பல, நின்ற நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் சராசரி காட்டுகின்றன. ஆகவே, மணிக்கு 15 முதல் 17 கி.மீ. என்று அறிவிக்கும் ரைடைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் ஒரு விடியற்காலையில் தனியாக 20 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்து, இறுதியிலும் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் நீங்கள் தயார். ரைடின் தூரம், குழுவினர் ஒன்றுகூடும் இடத்திலிருந்துதான் கணக்கிடப்படும் என்பதை மறக்க வேண்டாம். திருவான்மியூரில் கூடுகிறார்கள் என்றால், வேளச்சேரியிலிருந்து போய் வருவதற்கு ஏறக்குறைய 12 கி.மீ. தனியாகச் சேரும். இரத்த அழுத்தம், இதயம், மூட்டு தொடர்பான சிகிச்சையில் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கடற்கரைச் சாலையில் தூரத்தைவிடக் காற்றே அதிகம் சோதிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், முட்டுக்காடு நோக்கித் தெற்கே போகும்போது சைக்கிள் தானாக ஓடுவது போலிருக்கும்; புதியவர்கள் தங்களுக்குத் திடீரென வலு கூடிவிட்டதாக நம்பி அங்கேயே கால்களைத் தீர்த்துவிடுவார்கள். திரும்பும் வழியில் அதே காற்று முகத்தில் அடிக்கும். அப்போது ஒரு கியர் குறைத்து, பெடலை இலகுவாகவும் சற்று வேகமாகவும் சுற்றுவதே முழங்காலுக்கு நல்லது. கோடையிலோ காற்றைவிட வெயில்தான் பகை. ஐந்தரை மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பும்படி திட்டமிடும் குழுக்கள் இதனால்தான் அப்படிச் செய்கின்றன. ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிக்கவே ஆறரை மணி ஆகிவிடுகிறது என்பதால், முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம் வேண்டும்.

இனி, தனியாக ஓட்டும்போது பழகவே முடியாத ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குழுவில் ஒருவர் பின் ஒருவராகச் செல்லும்போது, உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்துவிடக் கூடாது. அவர் ஒரு பள்ளத்தைத் தவிர்க்கச் சற்றே ஒதுங்கினாலும் இரு சக்கரங்களும் உரசும். அப்படி உரசினால் பெரும்பாலும் விழுபவர் பின்னால் வருபவர்தான். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின் காற்று குறைவு என்பது உண்மை. ஆயினும் அந்தச் சலுகைக்காக ஒட்டிச் செல்வது நெடுநாள் பழகியவர்களுக்குரியது. நீங்கள் இரண்டு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். அவருடைய சக்கரத்தையே பார்க்காமல் தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள். திடீரென பிரேக் பிடிப்பதும் திடீரென வலப்பக்கம் நகர்வதும்தான் குழுவுக்குப் பெரிய தொல்லை; மெதுவாக ஓட்டுவது தொல்லையே அல்ல. வேகம் குறைக்கும் முன் ‘ஸ்லோ’ என்று உரக்கச் சொல்லுங்கள். பள்ளம், மணல் தெரிந்தால் கையால் காட்டுங்கள். கையை எடுக்கப் பயமாக இருந்தால் குரல் மட்டும் போதும். நிறுத்தத்தில் பேருந்து நின்றால், இடப்பக்கம் புகுந்து முந்த வேண்டாம். பயணிகள் இறங்குவது அந்தப் பக்கத்தில்தான். பின்னால் காத்திருங்கள்.

சைக்கிளில் இரண்டைச் சரிபார்த்தால் பாதிக் களைப்பு குறையும். சீட்டில் அமர்ந்து, குதிகாலை அடியில் இருக்கும் பெடலில் வைத்தால் கால் முழுதாக நீள வேண்டும். நம்மவர்கள் பலர் சீட்டை மிகத் தாழ்வாக வைத்துக்கொண்டு முழங்கால் வலி என்கிறார்கள். டயரில் காற்று அதன் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். உங்கள் டயருக்கேற்ற ஒரு ட்யூபையும், டயர் கழற்றும் லீவர்களையும், சிறு பம்பையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. ட்யூப் மாற்றத் தெரியாவிட்டாலும் குழுவில் யாரேனும் மாற்றித் தருவார்கள், ஆனால் உங்கள் அளவு ட்யூப் அவர்களிடம் இருக்காது. துப்பட்டாவைத் தவிர்க்க வேண்டும். தளர்வான கால்சட்டையின் ஓரம் சங்கிலியில் சிக்காதபடி கட்டிக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, நெற்றியை மூடியபடி இருக்கட்டும். ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டுக் கிளம்பி, தாகம் எடுக்கும் முன்பே சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். நன்றாக வியர்ப்பவராக இருந்தால் அதில் எலுமிச்சையும் உப்பும் சேர்க்கலாம்.

முந்தைய நாளே வழிநடத்துபவரைத் தொலைபேசியில் அழைத்து, இது உங்கள் முதல் குழுப் பயணம் என்று சொல்லிவிடுங்கள். முழுத் தூரமும் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்தாவது கிலோமீட்டரில் திரும்ப நினைத்தால் தாராளமாகத் திரும்பலாம். ஆனால் ஸ்வீப்பிடம் சொல்லாமல் திரும்பாதீர்கள். உங்களைத் தேடிக்கொண்டு அவர் வெயிலில் காத்திருப்பார்.