பெயரில் வரும் 'மிங்': கேள்வி பதில்

கேள்வி: சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங் பெயரில் உள்ள 'மிங்' என்றால் என்ன?

பதில்: வெளிச்சம், தெளிவு. இந்தச் சீன எழுத்தின் இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் நிலா. ஆளுக்கு நான்கு கோடு, மொத்தம் எட்டு. 'நாளை' என்பதற்கான 'மிங்தியென்' சொல்லிலும், 'புரிகிறது' என்பதற்கான 'மிங்பாய்' சொல்லிலும் இதே எழுத்துதான்.

கேள்வி: இரண்டு சுடரும் சேர்ந்ததால் வெளிச்சம். இதுதானே அது பிறந்த கதை?

பதில்: பாதிக் கதை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு குறி கேட்க ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் கீறிய எழுத்துகளில் இதற்கு வேறொரு வடிவமும் உண்டு. அதில் சூரியனுக்குப் பதிலாக ஜன்னல். கி.பி. 100-ஐ ஒட்டி சூ ஷென் தொகுத்த அகராதியும் ஜன்னல் வடிவத்தைத்தான் தலைச்சொல்லாக வைக்கிறது. சூரியன் உள்ளதைப் பழைய வடிவம் என்று கீழே சேர்க்கிறது. விளக்கில்லாத அறை, ஜன்னல் வழியே தரையில் விழும் நிலா வெளிச்சம். எனக்கு மனசில் நிற்பது இந்த வடிவம்தான்.

கேள்வி: சிங்கப்பூரில் என்னோடு வேலை செய்பவர் பெயர் 'பெங்'. அதுவும் இதே எழுத்து என்கிறாரே?

பதில்: சரியாகத்தான் சொல்கிறார். ஹொக்கியன் என்ற சீன வட்டாரப் பேச்சில் இது 'பெங்'. எழுத்து ஒன்று, ஊருக்கு ஊர் ஒலி வேறு. வியட்நாமில் 'மின்', ஹோ சி மின் பெயரின் கடைசி எழுத்து இதுதான். ஜப்பானியர் இதையே 'அகிரா' என்றும் படிப்பார்கள். இயக்குநர் அகிரா குரோசவாவின் 'அகிரா' இந்த ஒரே எழுத்து.

கேள்வி: மிங் வம்சம்?

பதில்: அதே எழுத்து. 1368 முதல் 1644 வரை ஆண்டார்கள்.

கேள்வி: என் சீனத் தோழி பெயரிலும் 'மிங்' இருக்கிறது. வாழ்த்து அட்டையில் 'வெளிச்சமே' என்று எழுதலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பறவை கூவுவதும் 'மிங்'தான்: வாய், பக்கத்தில் பறவை. உலோகத்தில் பொறித்து வைப்பதும் 'மிங்': அதில் இடப்பக்கம் உலோகக் குறி. மூன்றுக்கும் ஒலியும் தொனியும் ஒன்றே, காதுக்கு வித்தியாசம் தெரியாது. பெற்றோர் எதை நினைத்து வைத்தார்களோ! அதனால் 'எந்த மிங்?' என்று தோழியிடமே கேளுங்கள். சீனர்களே ஒருவரையொருவர் இப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள். 'மிங்தியென்னில் வரும் மிங்' என்று அவர் சொன்னால், அப்புறம் தாராளமாக எழுதுங்கள்.