காய்ச்சின பாலை அரை மணியில ஆற வைக்க ஒரு சுருள் பைப்பு

கேள்வி: பாலக்கோடு பக்கம் கிராமங்க. தெனமும் சாயங்காலம் 30 லிட்டர் பால் காய்ச்சி உறை ஊத்தி காலையில கடைங்களுக்கு தயிர் போடுறேன். பால் ஆறவே மூணு மணி நேரத்துக்கு மேல ஆகுது, பத்தரை வரைக்கும் அண்டா பக்கத்துலயே உக்காந்திருக்கேன். வெளிநாட்டுல வீட்டுலயே பீர் காய்ச்சுறவங்க, கொதிச்ச மால்ட் (மொளைகட்டின பார்லி) தண்ணியில செம்புப் பைப்பை சுருளா விட்டு உள்ள பச்சத்தண்ணி ஓட்டி ஆற வைக்கிறதை பையன் வீடியோவுல காட்டினான். அதே மாதிரி செம்புல செஞ்சுக்கலாமா?

பதில்: தாராளமா செய்யுங்க, ஆனா செம்பு வேணாம். மால்ட் தண்ணிக்கு செம்பு ஒத்துக்கும், பாலுக்கு ஒத்துக்காது. துளி செம்பு இறங்கினாலே பால் கொழுப்பு சீக்கிரம் கெட்டு காறல் வாடை வந்துடும். எஸ்எஸ் 304ங்கற எவர்சில்வர் ரக டியூப் வாங்குங்க. காந்தம் ஒட்டலன்னு மட்டும் பாத்து வாங்கிடாதீங்க, மட்டமான 202லயும் காந்தம் ஒட்டாது, பில்லுல 304னு எழுதி வாங்கறதுதான் சரி.

வெப்பத்தைக் கடத்துறதுல செம்பு ஸ்டீலைவிட 20 மடங்குக்கு மேல, அப்ப ஸ்டீல்ல ரொம்ப நேரம் ஆகுமேன்னு பையன் கேப்பான். டியூப் சுவரு ஒரு மில்லிதான், அது பெரிய தடையில்ல, பைப்பை ஒட்டி அசையாம நிக்கிற பாலுதான் தடை, அது ஆறிப்போயி ஒரு போர்வை மாதிரி மூடிக்கும், அண்டா நடுவுல இருக்கறது சூடாவே கிடக்கும். அதனால பைப்புக்கு எவ்வளவு காசு போட்டாலும் கரண்டி போட்டு விடாம கலக்கலன்னா பலன் பாதிதான்.

12 மில்லி டியூப் 25 அடி போதும். உள்ள சலிச்ச மணலை இறுக்கி அடைச்சு ரெண்டு முனையும் மூடிட்டு, லேத்து பட்டறையில ஓரடி விட்டத்துக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கற உருளையில சுத்தச் சொல்லுங்க, மணல் இருந்தா டியூப் நசுங்காது. ஏழெட்டு சுத்து வரும், சுத்துக்கு சுத்து ஒரு விரல் இடைவெளி விடணும்.

இது முக்கியம். ரெண்டு முனையும் அண்டா விளிம்பைத் தாண்டி வெளிய வந்து கீழ்ப்பக்கமா வளையணும், ஓஸ் மாட்டி கிளிப் போடற இடம் பாலுக்கு மேல இருக்கவே கூடாது. நான் மொதல்ல செஞ்சதுல ஜாயின்ட் அண்டாவுக்கு நேர் மேல இருந்துச்சு, கிளிப் லூஸாகி சொட்டு சொட்டா போர் தண்ணி விழுந்துட்டே இருந்திருக்கு, கவனிக்கல, காலையில தயிர் நீர்த்துப்போயி 20 லிட்டரையும் மாட்டுக்குத்தான் ஊத்தினேன், அன்னிக்கு மனசே ஆறல.

பால் கொதிக்கறப்பவே கடைசி பத்து நிமிஷம் சுருளை உள்ள விட்டுடுங்க, அந்தச் சூட்டுலயே பைப்பு சுத்தமாயிடும், பீர் காய்ச்சுறவங்களும் இதைத்தான் செய்யறாங்க. அப்புறம் தண்ணியைத் திறங்க. மாடி டேங்க் தண்ணி வெயில்ல சூடேறி கிடக்கும், நேரா கிணத்துலேருந்து மோட்டார் போட்டா 27 டிகிரி பக்கம் வரும். 45 டிகிரி வந்ததும் நிறுத்திட்டு உறை ஊத்துங்க. 100 லிட்டர் தண்ணி ஓடும், நல்லா கலக்கினா அரை மணிக்குள்ள முடிஞ்சிடும். மொத கொஞ்ச நேரம் வெளிய வர்ற தண்ணி கை வைக்க முடியாத சூடு, அதைத் தனியா பிடிச்சு வெச்சா கேன் கழுவ ஆகும்.

கேள்வி: ராயக்கோட்டையில எங்க போர் தண்ணி உப்புத் தண்ணி. பைப்பு அடைக்காதா?

பதில்: சூடாகற இடத்துல காரை படியத்தான் செய்யும். மாசம் ஒரு தடவை சிட்ரிக் ஆசிட் கரைச்ச தண்ணியை உள்ள ஊத்தி ஒரு மணி நேரம் விட்டு அலசுங்க. வெளிப்பக்கம் ஒட்டின பாலை மட்டும் நாளைக்குன்னு விடாதீங்க, வெதுவெதுப்பான தண்ணியில அப்பவே தேய்ச்சிடணும், காஞ்சுட்டா நாரு போட்டாலும் போகாது.