ப்ரீதர்ல புகை, சீல்ல ஆயில்: இன்ஜின் இறக்கச் சொன்னா என்ன பண்றது?

கேள்வி: அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய டீசல் லாரி வாங்கினேன், டர்போ உண்டு, ஏர் பிரேக். பின்னாடி கிராங்க் சீல்ல ஆயில் ஒழுகுதுன்னு மாத்தினோம், கொஞ்ச நாள்ல திரும்ப ஒழுகுச்சு, திரும்ப மாத்தினோம், இப்ப மறுபடியும் அதே கதை. ப்ரீதர் பைப்ல புகையா வருது. மெக்கானிக் "ரிங் போயிடுச்சு, பேக் கம்ப்ரஷன் அடிக்குது, இன்ஜின் இறக்கணும்"ங்கிறார். பணம் கட்டுறதுக்கு முன்னாடி எதையாவது நானே பாக்க முடியுமா?

பதில்: பாக்க முடியும், கட்டாயம் பாக்கணும். ஒரே சீல் திரும்பத் திரும்ப போகுதுன்னா ஒவ்வொரு தடவையும் சீல் மட்டமா இருந்திருக்கும்னு நான் நம்பல, உள்ள இருந்து பிரஷர் தள்ளுது. பிஸ்டனுக்கு மேல எரியிற கேஸ்ல கொஞ்சம் ரிங் வழியா கீழ சம்ப் (ஆயில் தேங்குற தொட்டி) பக்கம் இறங்கத்தான் செய்யும், புது இன்ஜின்லயே இறங்கும், அது வெளிய போறதுக்குத்தான் ப்ரீதர். இறங்குறது அதிகமானாலோ (உங்க மெக்கானிக் சொல்ற பேக் கம்ப்ரஷன் இதுதான்), போற வழி அடைச்சாலோ பிரஷர் ஏறி எந்த சீல் இளகி இருக்கோ அந்த வழியா ஆயிலோட வெளிய வரும். முன் சீல், பின் சீல், டாப்பெட் கவர் (இன்ஜின் மேல் மூடி) பேக்கிங், சில வண்டில ஆயில் கேஜ் கம்பியே மேல எழும்பி நிக்கும். அதனால சீல் மாத்துறதுக்கு முன்னாடி பிரஷர் எங்கிருந்து வருதுன்னு பாக்கணும், உங்க வண்டில அந்த வரிசையே தலைகீழா நடந்திருக்கு.

முதல்ல ப்ரீதரை கழட்டுங்க. பழைய இன்ஜின்ல உள்ள ஒரு கம்பி வலை இருக்கும், வருஷக்கணக்கா கழுவாம விட்டா கருப்பு கூழ் மாதிரி அப்பிக்கிட்டு காத்தே போகாது. டீசல்ல கழுவி நல்லா காய வச்சு மாட்டுங்க. ஹோஸை வெளிய பாத்து நல்லா இருக்குன்னு விட்றாதீங்க, ரப்பர் உள்பக்கம் உரிஞ்சு தொங்கி வழியை மூடிடும், வெளிய ஒரு கீறல் கூட தெரியாது, ஒரு பக்கம் வாய் வச்சு ஊதிப் பாத்தாலே தெரிஞ்சிடும். அப்புறம் ஹோஸ் எங்கயாவது தொங்கி வளைஞ்சு கிடந்தா அந்த பள்ளத்துல ஆயிலும் தண்ணியும் தேங்கி அதுவே அடைப்பாயிடும், மேல இருந்து கீழ ஒரே சரிவா வரணும். ஆயில் லெவலையும் சமதளத்துல இன்ஜினை நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு பாருங்க, மேல் கோட்டை தாண்டி ஊத்தி வச்சிருந்தா கிராங்க் அதை அடிச்சு நுரையாக்கி ப்ரீதர் வழியா தள்ளும், அதை பாத்துட்டு ரிங்குன்னு சொல்றவங்க நிறைய.

இதெல்லாம் சரியா இருந்தும் ப்ரீதர்ல வேகமா வந்தா, இப்பதான் முக்கியமான விஷயம். லாரி இன்ஜின்ல சம்புக்குள்ள காத்து தள்ளக்கூடியது பிஸ்டன் ரிங் மட்டும் இல்ல. பெரும்பாலான ஏர் பிரேக் கம்ப்ரஸர் இன்ஜின் ஆயில்லதான் ஓடுது, அதோட ஆயில் திரும்ப சம்புக்குத்தான் வருது, அதோட ரிங் தேஞ்சா அமுக்குற காத்துல ஒரு பங்கு நேரா சம்புக்குள்ள போகும். இதை சோதிக்க ஸ்பேனரே வேணாம். ஏர் டேங்க் காலியா இருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணி ப்ரீதர் முனைல கையை வச்சு எவ்வளவு வேகமா வருதுன்னு பாருங்க, டேங்க் நிறைஞ்சு "புஸ்"ன்னு கட்-ஆஃப் ஆனதும் திரும்ப பாருங்க. கட்-ஆஃப் ஆனதும் கம்ப்ரஸர் காத்தை அமுக்குறதை நிறுத்திடும், அந்த நேரத்துல ப்ரீதர் அடங்கினா உங்களுக்கு வேலை கம்ப்ரஸர்ல, இன்ஜின்ல இல்ல. ஏர் டேங்க் அடில ட்ரெயின் திறந்தா ஆயில் நிறைய வருதான்னும் பாருங்க, வந்தா சந்தேகம் இன்னும் கெட்டியாகுது. அடுத்தது டர்போ. அதோட சீல் போனா காத்தும் புகையும் அதோட ஆயில் ட்ரெயின் பைப் வழியா சம்புக்குள்ள இறங்கும், இது ஐடில்ல அமைதியா இருந்துட்டு லோடு இழுக்கும்போது மட்டும் ப்ரீதர்ல அடிக்கும். பிரேக்குக்கு வேக்குவம் பம்ப் வச்ச சின்ன லாரியா இருந்தா பல மாடல்ல அந்த பம்பும் காத்தை சம்புக்குள்ளதான் விடுது, அதையும் கணக்குல சேத்துக்கணும்.

இவ்வளவும் தாண்டி வந்தாதான் ரிங். அதுலயும் எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்கலாம், பழைய மாடல் இன்லைன் பம்ப் வண்டில ஐடில்ல ஒவ்வொரு நாசில் பைப் நட்டா மெக்கானிக்கை லூஸ் பண்ண சொல்லி ப்ரீதரை பாத்துக்கிட்டே இருங்க, எந்த சிலிண்டரை வெட்டும்போது புகை பட்டுன்னு குறையுதோ அதுதான் ஆளு. காமன் ரெயில் வண்டில (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாய்ல இருந்து டீசல் போற புது மாடல்) இதை செய்யவே கூடாது, பைப்ல ஆயிரம் பாருக்கு மேல கூட பிரஷர் இருக்கும், டீசல் தோலைக் கிழிச்சுக்கிட்டு உள்ள போயிடும்.

இதுக்கு அப்புறமும் இன்ஜின் இறக்கணும்னா கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் வந்த அளவை பேப்பர்ல எழுதி வாங்குங்க. எழுதித் தர மாட்டேன்னு சொல்ற இடத்துல இவ்வளவு பெரிய வேலையை நான் விடமாட்டேன். கழட்டின பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்க. பின் சீல் மாத்தும்போது கிராங்க்ல சீல் உரசுற இடத்தை நகத்தால தடவிப் பாக்க சொல்லுங்க, பள்ளம் விழுந்திருந்தா எந்த கம்பெனி சீல் போட்டாலும் ஒழுகும், அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஸ்லீவ் ஏத்தணும், இல்லன்னா சீலை கொஞ்சம் தள்ளி உக்கார வைக்கணும்.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். ப்ரீதர்ல அடிக்கிற புகை கேபின்ல வாசனை வருதுன்னு சிலர் அந்த ஹோஸை அவங்களே ஏர் ஃபில்டர் பைப்ல சொருகிடுறாங்க. இந்த அளவு அடிக்கிற டீசல் இன்ஜின்ல அப்படி பண்ணாதீங்க, ஆயில் ஆவியை இழுத்து அதையே எரிபொருளாக்கி இன்ஜின் தானா ரேஸ் ஆக ஆரம்பிச்சா சாவியை அணைச்சாலும் நிக்காது, காத்து வழியை அடைச்சாதான் நிக்கும்.

கேள்வி: என்னோடது பழைய பெட்ரோல் பிக்கப். ஆயில் குடிக்குதுன்னு பிசிவி வால்வை (சம்ப் கேஸை இன்டேக்குக்கு திருப்பி விடுற வால்வ்) மாத்தினேன், "எல்லா வண்டிக்கும் சேரும்"னு சொல்லி ஒண்ணு குடுத்தாங்க. இப்ப ஐடில் ஆடுது, ஆயிலும் முன்னைவிட அதிகமா குறையுது. வால்வ் குலுக்கினா கலகலன்னு சத்தம் வருது, நல்லாதானே இருக்கு?

பதில்: சத்தம் வர்றதுனால உள்ள இருக்குற பின் ஒட்டிக்கலன்னு மட்டும்தான் தெரியும், அது உங்க இன்ஜினுக்கு பொருத்தமான வால்வான்னு தெரியாது. உள்ள இருக்குற ஸ்ப்ரிங்கும் ஓட்டையும் ஒவ்வொரு இன்ஜினுக்கும் வேற வேற, வெளிய உருவம் ஒண்ணாவே இருக்கும், அதை வச்சுத்தான் இந்த வியாபாரம் நடக்குது. ஐடில்ல இன்டேக் வேக்குவம் அதிகம், அப்ப வால்வ் குறுகி கொஞ்சமா விடணும், சீரான வேகத்துல ஓட்டும்போது திறந்து அதிகமா விடணும். ஸ்ப்ரிங் மாறிப்போனா ஐடில்லயே நிறைய விடும், அது காத்து லீக் மாதிரி ஆகி ஐடில் ஆடும், கூடவே ஆயிலையும் உறிஞ்சும். உங்களுக்கு நடந்தது இதுன்னுதான் தோணுது. பார்ட் நம்பர் சொல்லி உங்க இன்ஜினுக்கு உள்ளதையே வாங்குங்க, பில்லுல அந்த நம்பர் எழுதியிருக்கணும், அப்பதான் தப்பா குடுத்தா திருப்பிக் குடுக்க முடியும். வால்வ் உக்கார்ற ரப்பர் கிராமெட் கல்லு மாதிரி இறுகியிருந்தா அதையும் சேத்து மாத்துங்க.

சரியான வால்வ் போட்டும் ஆயில் இழுத்தா டாப்பெட் கவரை கழட்டி அடில தகடு இருக்கான்னு பாருங்க. வால்வுக்கு கீழ ஆயில் தெறிக்காம மறைக்கிற தகடு அது, யாராவது கவரை மாத்தும்போது அது இல்லாத கவரை போட்டிருந்தா வால்வ் ஆயிலை அப்படியே குடிச்சிடும். ஏர் ஃபில்டர் டப்பாக்குள்ள ஆயில் கிடந்தா கதை வேற, வால்வ் பக்கம் அடைச்சிருக்கு, இல்லன்னா வால்வால சமாளிக்க முடியாத அளவு கேஸ் கீழ இறங்குது.

கேள்வி: ஆயில் கேஜ்ல லெவல் குறையாம ஏறுது. நல்லதுதானே?

பதில்: இல்ல, வண்டியை ஓட்டாதீங்க. டீசல் கலக்குது, இல்லன்னா கூலன்ட் கலக்குது. டீசல்னா வாசனை வரும், ஆயில் தண்ணி மாதிரி ஓடும், நாசில், ஃபீட் பம்ப் டயாஃப்ரம், இன்ஜெக்ஷன் பம்ப் சீல் இந்த மூணையும் பாக்கணும். கூலன்ட்னா ஆயில் பால் கலந்த மாதிரி வெளுக்கும், ரேடியேட்டர்லயும் குறையும். ஃபில்லர் மூடி அடில மட்டும் லேசா வெள்ளை கிரீம் இருந்து மத்தபடி ஆயில் சுத்தமா இருந்தா பயப்பட வேணாம், குட்டி குட்டி தூரம் ஓட்டுற வண்டில ஈரம் வெளிய போகாம நிக்கிறது, ப்ரீதரை பாத்துட்டு ஒரு தடவை நல்லா சூடேறுற அளவு ஓட்டுங்க.

கேள்வி: பழைய லாரி வாங்கப் போறேன், இந்த பிரச்சனையை எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: வண்டியை சூடு பண்ணி வைக்க வேணாம்னு முன்னாடியே சொல்லிட்டு போங்க, போனதும் இன்ஜின் மேல கை வச்சு பாருங்க, சூடா இருந்தா காரணம் கேளுங்க. பளபளன்னு கழுவின இன்ஜின் எனக்கு பிடிக்காது, ஒழுகுற இடம் தெரியாம போயிடும், ஓட்டிப் பாத்துட்டு வந்து திரும்ப அடில படுத்து பாருங்க. ப்ரீதர் பைப்பை நீட்டி பின்னாடி கொண்டு போயிருக்காங்களா, முனைல பாட்டில் கட்டியிருக்காங்களான்னு பாருங்க, சும்மா யாரும் கட்ட மாட்டாங்க. ஃபில்லர் மூடியை கழட்டி தலைகீழா வாய் மேல வச்சு ஐடில்ல பாக்குற வழக்கம் உண்டு, தூக்கிப் போட்டா சந்தேகப்படலாம், ஆனா சில இன்ஜின்ல ராக்கர் அடிக்கிற காத்துலயே மூடி ஆடும், அதை மட்டும் வச்சு வண்டியை ஒதுக்காதீங்க. கேஜ் கம்பில ஆயில் தேன் மாதிரி இழுத்தா புகையை மறைக்க கெட்டி ஆயிலோ அடிட்டிவோ ஊத்தியிருக்கலாம், அது கொஞ்ச நாள் தாங்கும், கோல்ட் ஸ்டார்ட்ல ஆயில் மேல ஏற லேட்டாகி தேய்மானத்தை கூட்டும். நல்லா சூடேறின பிறகு ஐடில்ல ஆயில் பிரஷர் முள் எங்க நிக்குதுன்னு பாருங்க, முடிஞ்சா லோடோட ஏத்தத்துல ஓட்டுங்க. இழுக்கும்போது நீலப் புகை வந்தா ரிங் இல்லன்னா டர்போ, ராத்திரி நிறுத்தி காலைல எடுக்கும்போது மட்டும் வந்து நின்னுட்டா வால்வ் சீல், அது ஹெட் பக்கம் வேலை, பேரம் பேசி வாங்கலாம்.